லினக்ஸ் கெர்னலில் பைட்டு வரிசையைத் தேர்ந்தெடுக்கும் மெனு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை மூலநிரலிலிருந்து கட்டிப் பழகியவர்களுக்கு 'மேக் மெனுகான்ஃபிக்' என்ற கட்டளையும் அது திறக்கும் நீலத் திரையும் நன்கு தெரிந்தவையே. மிப்ஸ் வகைச் செயலிக்காகக் கட்டும்போது அந்தத் திரையில் 'மெஷின் செலக்‌ஷன்' என்ற பிரிவுக்குள் சென்றால் 'எண்டியன்னஸ் செலக்‌ஷன்' என்று, பைட்டு வரிசையைத் தேர்வதற்கான ஒரு வரி இருக்கும். அதற்குள் 'பிக் எண்டியன்', 'லிட்டில் எண்டியன்' என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தெரிவுகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் இந்த ஒரு வரியைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். கட்டி முடித்த கெர்னல் எழுந்து பேசுமா, வாய் திறக்காமலே கிடக்குமா என்பது பல சமயம் இந்த வரியில்தான் தீர்மானமாகிறது என்பதை ஓராண்டாகக் கண்கூடாகப் பார்த்து வருகிறேன்.

மொரிஷியஸில், ரோஸ் ஹில் நகரில், ஒரு தமிழ்ச் சங்கக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் சிலருக்குச் சிறு கணினிகளில் லினக்ஸை ஏற்றச் சொல்லித் தருகிறேன். வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வளரும் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தமிழிலும் படிக்க முடியும் என்று காட்டுவது எனக்கு முக்கியம். புதிய பலகைகள் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. எபேனில் வேலை பார்க்கும் நண்பர்கள் கழித்துப் போட்ட பழைய வைஃபை ரௌட்டர்கள்தான் எங்கள் பாடப்பொருள்கள். அவற்றில் பெரும்பாலானவை மிப்ஸ் செயலியில் இயங்குபவை. ஆனால் குவால்காம் ஏதெரோஸ் சில்லு உள்ளவை பிக் எண்டியன், மீடியாடெக்கின் எம்டி7621, எம்டி7628 போன்ற சில்லுகள் உள்ளவை லிட்டில் எண்டியன். ஒரே அட்டைப் பெட்டிக்குள் இரு இனமும் கலந்து கிடப்பதால், மற்றவர்கள் ஒருமுறை தொட்டுவிட்டு மறந்துவிடும் இந்த மெனுவை நாங்கள் வாரந்தோறும் தொட வேண்டியிருக்கிறது.

பைட்டு வரிசை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டின் விடுதலை நாளை 12/03/1968 என்று எழுதுகிறோம்: சிறிய அலகான நாள் முதலில், பெரிய அலகான ஆண்டு கடைசியில். அதே ஆண்டை வாயால் சொல்லும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம். இரண்டும் சரியே, எந்த வழக்கத்தில் எழுதப்பட்டது என்பது படிப்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணான 12345678 நான்கு பைட்டுகளாக நினைவகத்தில் இறங்கும்போது, பிக் எண்டியன் செயலி அதை 12, 34, 56, 78 என்றும், லிட்டில் எண்டியன் செயலி 78, 56, 34, 12 என்றும் அடுக்குகிறது. இந்த இரு பெயர்களையும் கணினித் துறைக்குக் கொண்டுவந்தவர் டேனி கோஹன். 1980இல் எழுதிய ஒரு குறிப்பில் இவற்றைப் பயன்படுத்தினார்.

பிள்ளைகளுக்கு உறைக்கும்படி சொல்ல நான் கையாளும் எடுத்துக்காட்டு 'அம்மா' என்ற சொல். யூடிஎஃப்-16 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் 'அ' என்ற எழுத்து 0பி, 85 என்ற இரண்டு பைட்டுகளாகப் பதிகிறது. அவற்றை இடம் மாற்றிப் படித்தால் 850பி என்றாகிறது; அந்த எண் சீன எழுத்துகளுக்கு உரியது. அடுத்து வரும் மகரம், புள்ளி, மறுபடியும் மகரம், ஆகாரத்தின் கால் ஆகிய நான்கும் இதேபோல் தலைகீழானால் கொரிய எழுத்துகளின் பரப்புக்குள் போய் விழுகின்றன. ஒரு பைட்டுகூடக் கெடவில்லை, ஒரு பைட்டுகூடத் தொலையவில்லை. ஆனாலும் 'அம்மா' ஒரு சீன எழுத்தும் நான்கு கொரிய எழுத்துகளுமாகத் திரையில் நிற்கிறது. 1998இல் வெளியான புதிய ரூபாய் நோட்டுகளில் மொழிகளின் வரிசை மாறியதால் தமிழர்கள் எதிர்த்து, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். நோட்டில் வரிசை மாறியபோது மரியாதை குறைந்தது, மதிப்பு குறையவில்லை. இங்கே மதிப்பே மாறிவிடுகிறது.

இனி மெனுவின் நிறைகள். முதல் நிறை, முடியாததை அது நம்மிடம் கேட்பதே இல்லை. 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் ஏதெரோஸ் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால் 'பிக் எண்டியன்' மட்டுமே பட்டியலில் எஞ்சும். எங்கள் மீடியாடெக் சில்லுகள் அடங்கிய ராலிங்க் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால் 'லிட்டில் எண்டியன்' மட்டுமே எஞ்சும். இரண்டையும் ஏற்கும் மால்டா என்ற சோதனைப் பலகைக்கோ, பலகைக்குப் பலகை வேறுபாடு பார்க்காத பொதுக் கெர்னலுக்கோ கட்டினால்தான் இரண்டும் தெரியும். எந்தப் பலகை எதை ஏற்கும் என்பதைப் பலகையின் விவரத்திலேயே எழுதி வைத்துவிட்டு, மெனுவை அதற்குக் கீழ்ப்படியச் செய்திருக்கிறார்கள். இது நேர்மையான வடிவமைப்பு. வன்பொருளால் முடியாத ஒன்றைத் தெரிவாகக் காட்டி ஏமாற்றுவதில்லை. உதவிக் குறிப்பும் தெளிவானதே: சில மிப்ஸ் இயந்திரங்களை இரு முறையிலும் அமைக்கலாம், ஒவ்வொரு முறைக்கும் வெவ்வேறு கெர்னலும் வெவ்வேறு லினக்ஸ் வெளியீடும் தேவை என்று அது சொல்கிறது. அந்த 'வெவ்வேறு வெளியீடும்' என்ற சொற்களைத்தான் நான் முதல் முறை கண்ணால் கடந்து போனேன்.

எங்களிடம் வந்த இரண்டு ரௌட்டர்களின் அடியில் ஒட்டிய சீட்டில் மாடல் எண் ஒன்றே. நிறமும் வடிவமும் ஒன்றே. பதிப்பு எண் மட்டும் சிறு எழுத்தில் வேறாக இருந்தது. முதலாவதுக்கு ஏதெரோஸ் கெர்னல் கட்டி, அடிப்படைக் கட்டளைகளெல்லாம் அடங்கிய பிஸிபாக்ஸ் என்ற நிரலைக் கொண்டு ஒரு சிறிய கோப்புத் தொகுப்பைச் செய்து, அதை இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் விரியும் கோப்புத் தொகுப்பு) வடிவில் கெர்னலுக்குள்ளேயே பொதித்து வெற்றிகரமாக ஓடவிட்டிருந்தேன். இரண்டாவதைத் திறந்து பார்த்தபோது உள்ளே மீடியாடெக் சில்லு இருந்தது. அதனால் என்ன என்று, மெனுத் தெரிவுகளைச் சேமித்து வைக்கும் முதலாவதன் டாட் கான்ஃபிக் கோப்பை அப்படியே நகலெடுத்து, 'சிஸ்டம் டைப்'பை மட்டும் மாற்றி, மறுபடியும் கட்டினேன். மெனு தன் கடமையைச் சரியாகவே செய்தது: பிக் எண்டியன் இனிச் செல்லாது என்பதால் தானாகவே லிட்டில் எண்டியனுக்கு மாறிக்கொண்டது. ஆனால் மாறிவிட்டேன் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் எந்தக் கோப்புறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்ற வரி பழையபடியே, முதலாவது ரௌட்டருக்காகச் செய்த பிக் எண்டியன் பிஸிபாக்ஸையே சுட்டிக்கொண்டிருந்தது. கட்டுமானம் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் முடிந்தது.

ரௌட்டரின் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி அழைத்தாள். "ஐயா, கெர்னல் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஷெல்தான் வரவில்லை."

"கடைசி வரிகளைச் சத்தமாகப் படியம்மா" என்றேன்.

கெர்னல் முதலில் இயக்க வேண்டிய நிரலான 'ஸ்லாஷ் இனிட்'டை இயக்க முடியவில்லை, பிழை எண் கழித்தல் 8 என்று படித்தாள். அதற்குக் கீழே, இயங்கக்கூடிய இனிட் எதுவும் கிடைக்கவில்லை என்று கெர்னல் பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுபோகும் நிலை) விழுந்திருந்தது. ரௌட்டரைத் திருப்பி அடியிலிருந்த சீட்டைப் படித்து, "இரண்டும் ஒரே ரௌட்டர்தானே ஐயா?" என்று கேட்டவளும் அவளே. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் வகுப்பின் மீதி நேரம் முழுவதும் கழிந்தது; அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடமும் அதுவே என்று இப்போது கருதுகிறேன்.

நடந்தது இதுதான். இனிட்ராம்எஃப்எஸ் தொகுப்பின் தலைப்புகள் எண்களை எழுத்துகளாகவே எழுதி வைக்கும் வடிவத்தைச் சேர்ந்தவை. எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதில் பைட்டு வரிசைக்கு வேலையில்லை என்பதால், கெர்னல் தொகுப்பைக் குறையில்லாமல் பிரித்து, கோப்புகளையெல்லாம் உரிய இடத்தில் வைத்துவிட்டது. அடுத்து பிஸிபாக்ஸை இயக்கத் திறந்தது. எல்ஃப் என்ற நிரல் வடிவத்தில் அமைந்த அந்தக் கோப்பின் முதல் பதினாறு பைட்டுகள் தனித்தனிக் குறிகள். அவையும் எந்த வரிசையில் படித்தாலும் ஒன்றே. அதன்பிறகுதான் இரண்டிரண்டு பைட்டுகளாக அமைந்த எண்கள் வருகின்றன. இயங்கும் கோப்பு என்பதைக் காட்டும் எண் 2. பிக் எண்டியன் பிஸிபாக்ஸில் அது 00, 02 என்று எழுதியிருந்தது. லிட்டில் எண்டியன் கெர்னல் அதைத் தன் வழக்கப்படி படித்து 512 என்று கொண்டது. அப்படி ஒரு வகை இல்லை. அந்தச் சோதனையைத் தாண்டியிருந்தாலும், மிப்ஸ் என்பதைக் குறிக்கும் 8 என்ற எண் 2048 ஆகியிருக்கும். கழித்தல் 8 என்ற பிழை எண்ணின் பொருள், இந்தக் கோப்பின் வடிவம் எனக்குப் புரியவில்லை என்பதே. உண்மையில் கோப்பின் ஆறாவது பைட்டு, 1 என்றால் லிட்டில், 2 என்றால் பிக் என்று தன் வரிசையை வெளிப்படையாகவே அறிவிக்கிறது. 'ஃபைல்' என்ற எளிய கட்டளை அதைப் படித்து ஒரே வரியில் சொல்லிவிடும். கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டியிருந்தால் போதுமாயிருந்தது.

மெனுவின் முதன்மையான குறை இங்கேதான் இருக்கிறது. பைட்டு வரிசை என்பது செயலி, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர், கெர்னல், பயனர் நிரல்கள், சில கோப்பு முறைமைகள் என எல்லாத் தரப்பும் ஒத்துப்போக வேண்டிய ஓர் உடன்பாடு. மெனுவோ அதைக் கெர்னலின் சொந்த விஷயம்போல நடத்துகிறது. கம்பைலரைக்கூட அது தானே சமாளித்துக்கொள்கிறது: லிட்டில் எண்டியனுக்கான டூல்செயினை (கம்பைலரும் துணைக் கருவிகளும் சேர்ந்த தொகுப்பை) வைத்துக்கொண்டு பிக் எண்டியன் கெர்னலைக் கட்டச் சொன்னாலும், அதற்குரிய குறியை மேக்ஃபைலே சேர்த்துக் கட்டி முடித்துவிடும். கெர்னலுக்கு சி நூலகம் தேவையில்லை என்பதால் இது சாத்தியம், அனுபவசாலிகளுக்கு வசதியும்கூட. ஆனால் அதே டூல்செயினால் கட்டிய பயனர் நிரல்கள் அந்தக் கெர்னலில் ஓடமாட்டா என்ற செய்தி, ரௌட்டரை ஓடவிட்டுப் பார்க்கும்வரை எங்கும் வெளிப்படுவதில்லை.

எங்கள் தவறில் கெர்னலாவது சரியான வரிசையில் இருந்தது. கெர்னலே தவறான வரிசையில் இருந்தால் பேனிக் செய்தி வருவதற்குக்கூட வழியில்லை. மிப்ஸில் கட்டளைகளும் செயலியின் வரிசையிலேயே படிக்கப்படுகின்றன, முதல் கட்டளையே குழறிவிடும், கன்சோலில் மௌனம்தான். யூபூட் என்ற பூட்லோடர் பயன்படுத்தும் பழைய வகைப் படிமத் தலைப்பில் 'மிப்ஸ்' என்று எழுத இடமுண்டு, எந்த வரிசை என்று எழுத இடமில்லை. எனவே பூட்லோடராலும் எச்சரிக்க இயலாது. செயலியின் வரிசையை ரீசெட்டின்போதே வன்பொருள் தீர்மானித்துவிடுகிறது. கான்ஃபிக் ரெஜிஸ்டரின் 15ஆம் பிட்டில் அதைப் படித்தறியலாம், மாற்ற இயலாது. இந்த நிலையில், பலகையைக் கணினிக்குள்ளேயே போலச்செய்து காட்டும் கியூஎமு என்ற மென்பொருள் ஒரு வரப்பிரசாதம். 32-பிட் மிப்ஸுக்கு அதில் வரிசைக்கு ஒன்றாக இரண்டு தனி நிரல்கள் உள்ளன. மால்டா கெர்னலைத் தவறான நிரலிடம் கொடுத்தால், படிமத்தின் எண்டியன்னஸ் பொருந்தவில்லை என்று உடனே மறுத்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் உண்மையான பலகையைத் தொடுமுன் நான்கைந்து வாரம் கியூஎமுவில் பழகட்டும் என்பதே என் பரிந்துரை.

மற்ற செயலிக் குடும்பங்களின் மெனுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஆர்ம்64இன் உதவிக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே தேர்ந்தெடுக்கும் வரிசைக்கு ஏற்பவே பயனர் நிரல்களையும் கம்பைல் செய்து இணைக்க வேண்டும் என்று அது நேரடியாகச் சொல்கிறது. பவர்பிசியின் குறிப்பு இன்னொரு கோணத்தில் நல்லது: லிட்டில் எண்டியன் கெர்னலைக் குறுக்குக் கம்பைல் செய்தால் (வேறு வகைச் செயலியுள்ள கணினியில் கட்டினால்), அதற்குத் தகுதியுள்ள டூல்செயினைச் சுட்ட வேண்டும் என்று நினைவூட்டுகிறது. இந்த இரண்டு வாக்கியங்களும் மிப்ஸ் குறிப்பில் சேர்ந்தால் என் குறையில் பாதி தீர்ந்துவிடும். ஆர்ம் குடும்பத்தில் தெரிவின் தன்மையே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆர்ம்வி6 முதல் கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியனாகவே இருக்க, தரவு மட்டும் வரிசை மாறுகிறது. லிட்டில் எண்டியன் பூட்லோடர் ஏற்றிய பிக் எண்டியன் கெர்னல், தொடங்கிய கையோடு செயலியைத் தானே மாற்றிக்கொள்கிறது. எக்ஸ்86, எஸ்390 இரண்டிலும் இந்த மெனுவே இல்லை. முன்னது என்றும் லிட்டில், பின்னது என்றும் பிக்.

கோப்பு முறைமைகளில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலைத் தாமே தீர்த்து வைத்திருக்கின்றன. எக்ஸ்ட்4 எந்தச் செயலியிலும் வட்டில் லிட்டில் எண்டியனாகவே எழுதுகிறது; எக்ஸ்எஃப்எஸ் எப்போதும் பிக் எண்டியன்; இன்றைய ஸ்குவாஷ்எஃப்எஸ் லிட்டில் எண்டியன். பலகையின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் தொகுத்த வடிவம் எல்லாப் பலகைக்கும் பிக் எண்டியன். பழைய ரௌட்டர்களில் அடிக்கடி காணப்படும் ஜெஎஃப்எஃப்எஸ்2 மட்டும் இயந்திரத்தின் வரிசையில் எழுதப்படுவது. படிமம் செய்யும்போதே எந்த வரிசை என்று சொல்லியாக வேண்டும். அதன் அடையாள எண் பதினாறடிமானத்தில் 1985. எதிர் வரிசையில் செய்த படிமத்தைக் கெர்னல் படித்தால் அது 8519 என்று தெரியும். இப்படி நேரும் என்று எதிர்பார்த்து, 8519ஐயும் ஒரு தனி மாறிலியாகவே மூலநிரலில் வைத்து, அடையாள எண்ணின் பெயரையே பின்னிருந்து முன்னாக எழுதி அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணைக் கண்டதும் எதிர் வரிசைக் கோப்பு முறைமையோ என்று கெர்னல் கேட்கிறது. அந்த வரியை முதன்முதலில் மூலநிரலில் படித்தபோது, அதை எழுதியவருக்கும் எங்களைப்போல் ஒரு மாலைப்பொழுது வீணாகியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்த அக்கறையைத்தான் நான் மெனுவிலும் எதிர்பார்க்கிறேன்.

மாற்று வழி என்று பார்த்தால், கெர்னலையும் பயனர் நிரல்களையும் சேர்த்தே கட்டித்தரும் பில்ட்ரூட்டைச் சொல்ல வேண்டும். அதன் முதல் மெனுவிலேயே 'மிப்ஸ் பிக் எண்டியன்', 'மிப்ஸ் லிட்டில் எண்டியன்' என்று இரண்டும் இரண்டு தனிக் கட்டமைப்புகளாக வருகின்றன. அங்கே ஒன்றைத் தொட்டால் டூல்செயின், சி நூலகம், பிஸிபாக்ஸ் எல்லாம் அதே வரிசையில் கட்டப்படுகின்றன. மால்டா பலகைக்கு இரு வரிசைக்கும் ஆயத்த அமைப்புக் கோப்புகளும் அதில் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு தன் 2021ஆம் ஆண்டின் 11ஆம் வெளியீட்டிலேயே பிக் எண்டியன் மிப்ஸைக் கைவிட்டுவிட்டதால், ஆயத்த நிரல்களை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வழி அடைபட்டிருக்கிறது. பழைய ஏதெரோஸ் பலகை வைத்திருப்பவர்களுக்கு ரௌட்டர்களுக்கான லினக்ஸ் வெளியீடான ஓபன்டபிள்யூஆர்டியும் பில்ட்ரூட்டுமே நடைமுறையில் கைகொடுக்கும். கெர்னல் மெனுவை மட்டும் தனித்துக் கையாள்வது, அது எவ்வாறு இயங்குகிறது என்று கற்க விரும்புபவர்களுக்கு உரியது.

வன்பொருளை இயக்கும் ஓட்டி (டிரைவர்) நிரல்களை எழுதும் மாணவர்களுக்கு இன்னொன்று. கெர்னல் மூலநிரலில் வரிசை குறித்த மதிப்புகளுக்குத் தனி வகைப் பெயர்கள் உள்ளன; மேக் கட்டளையோடு 'சி=1' என்று சேர்த்து ஸ்பார்ஸ் சோதனையை ஓட்டினால், மாற்றாமல் விட்ட இடங்களை அது சுட்டிக்காட்டும். இரண்டு வரிசையிலும் கட்டிப் பார்க்கும் பழக்கத்தோடு இது சேர்ந்தால், ஓட்டியில் ஒளிந்திருக்கும் பிழைகளில் பல அன்றே வெளிவந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பலகைக்குப் பொருந்தாததை மறைக்கும் நேர்மைக்கு முழு மதிப்பெண். தானாக மாறும்போது அறிவிக்காததற்கும், உள்ளே பொதிக்கப்படும் இனிட்ராம்எஃப்எஸின் வரிசையைச் சரிபார்க்காததற்கும் ஒன்றரை குறைக்கிறேன். இரண்டாவது குறை தீர்க்க முடியாததன்று. பொதிக்கும் நேரத்தில் ஒரு கோப்பின் ஆறாவது பைட்டைப் பார்த்தாலே போதும். பிள்ளைகளில் இருவர் அதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார்கள்: கட்டுமானம் தொடங்குமுன் டாட் கான்ஃபிக் கோப்பில் எந்த எண்டியன் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பிஸிபாக்ஸோடு ஒப்பிட்டு, ஒவ்வாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. பெட்டியிலுள்ள ரௌட்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து சில்லைப் பார்த்து, மூடியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பெரிய முனை முதலில் என்பதற்குப் 'பெ' என்றும், சிறிய முனை முதலில் என்பதற்குச் 'சி' என்றும் மையால் எழுதி வைத்திருக்கிறோம்.